கையைப் பார்க்காத கலந்தாய்வுக்கு ஒரு கடிதம்

அனுப்புநர்: ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்: உயர்சிறப்பு மருத்துவத்துக்குத் தேர்வு வைக்கும் வாரியம், இடம் ஒதுக்கும் குழு, விதி எழுதும் ஆணையம், டெல்லி.

நகல்: உச்ச நீதிமன்றம் (எப்படியும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறது).

பொருள்: அறுவை மருத்துவரை அவர் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தங்கள் திறமையைப் பாராட்டுதல் தொடர்பாக.

ஐயாமாரே, அம்மாமாரே,

யாரிடம் குறை சொன்னாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவீர்கள் என்பதால், மூவருக்கும் சேர்த்து ஒரே கடிதம். தபால் செலவு மிச்சம்.

என் மகள் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். பொது அறுவை மூன்று வருடம் முடித்துவிட்டு, எம்.சி.ஹெச். என்ற இன்னொரு மூன்று வருடத்துக்காக மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். பூ மார்க்கெட்டுக்குப் போனால், "என்ன சார், பாப்பா இன்னுமா படிக்கா?" என்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரிக்கு என்றால், "மூக்கைச் சரி பண்ணுத டாக்டரா?" என்று அடுத்த கேள்வி. அவளுக்கு மூக்கில் நாட்டமில்லை. இங்கிருந்து சிவகாசி கூப்பிடு தூரம்தான். வெடி விபத்தில் வெந்து வருகிறவர்களுக்குத் தோல் ஒட்டவும், விசைத்தறியில் விரலைக் கொடுத்தவர்களுக்கு நரம்பைக் கோக்கவும் ஆள் வேண்டும் என்கிறாள். சென்னை ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்த பேராசிரியர் வெங்கடசாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும்.

முதலில் நன்றி. 2017-இல் நீட்-எஸ்.எஸ். என்ற பொதுத் தேர்வு வருவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு தேர்வு, தனக்கென்று ஒரு நேர்காணல் வைத்துக்கொண்டிருந்தது. நேர்காணல் என்றால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. யார் பிள்ளை, யார் சிபாரிசு, எந்தப் பேராசிரியரின் சிஷ்யன் என்று பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் மருத்துவத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதை ஒழித்தீர்கள். எழுந்து நின்று கை தட்டுகிறேன்.

தட்டிய கையோடு ஒரு கேள்வி. நேர்காணலோடு சேர்த்துக் கையையும் ஏன் ஒழித்தீர்கள்? இப்போது 150 நிமிடத்தில் 150 கேள்வி, 600 மதிப்பெண். சரி என்றால் நாலு, தப்பு என்றால் ஒன்று பிடித்தம். பொது அறுவை படித்த அத்தனை பேருக்கும் ஒரே தாள். அதில் வரும் ஒரே எண்ணைக் கொண்டு, மூளையைத் திறப்பவர் யார், சிறுநீரகப் பாதையைச் சரிசெய்பவர் யார், குடலைத் தைப்பவர் யார், பச்சைக் குழந்தையின் வயிற்றைத் திறப்பவர் யார் என்று முடிவாகிவிடும். நான் வாழ்நாளெல்லாம் கணக்குத் தாள் திருத்தியவன். அந்த மார்க்கை வைத்து, யாருக்குத் தையல் நன்றாக வரும் என்று சொல்லும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

முன்பு இப்படி இல்லை என்கிறாள் மகள். கேட்ட துறையிலிருந்து 60 சதவீதம், ஏற்கெனவே முதுநிலையில் படித்த அடிப்படைப் பாடத்திலிருந்து 40 சதவீதம் என்று கேள்விகள் இருந்தன. அதையும் நீங்கள் மாற்றிய விதம் அழகு. 2021 ஜூலை 23-ஆம் தேதி, நவம்பர் 13, 14-இல் தேர்வு என்று அறிவித்தீர்கள். பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். ஆகஸ்டு 31-ஆம் தேதி, கேள்விகள் இனி முழுக்க அடிப்படைப் பாடத்திலிருந்தே வரும் என்றீர்கள். நாற்பத்தொரு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இளம் மருத்துவர்களை உங்கள் அதிகார ஆட்டத்தில் கால்பந்தாக உதைக்காதீர்கள் என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு செப்டம்பரில் கேட்டது. அதன் பிறகுதான், புது முறை அடுத்த ஆண்டிலிருந்து என்று இறங்கி வந்தீர்கள். தேர்வு 2022 ஜனவரி 10-க்குப் போனது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பாடத்திட்டத்தை மாற்றியிருந்தால் பெற்றோர் அவர் சைக்கிள் காற்றைப் பிடுங்கியிருப்பார்கள்.

பெர்சன்டைல் விஷயத்தில் நீங்கள் என்னைவிடப் பெரிய கணக்கு வாத்தியார் என்று ஒப்புக்கொள்கிறேன். உயர்சிறப்புக்கு 50 பெர்சன்டைல்தான் தகுதிக்கோடு. இடங்கள் நிரம்பாமல் கிடந்தபோது அதை 20-க்கு இறக்கினீர்கள். முதுநிலைக்கோ 2023 செப்டம்பரில் பூஜ்யம். பூஜ்யம் பெர்சன்டைல் என்றால் பரீட்சை எழுத வந்தவர் எல்லாரும் தகுதி பெற்றவர் என்று பொருள். அப்புறம் பரீட்சை எதற்கு, வருகைப் பதிவேடு போதுமே என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, கீழ போய் டீவி பாருங்க" என்றாள்.

கோடு இறங்கியும் குழந்தைகள் அறுவையிலும் இதய, நெஞ்சக அறுவையிலும் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன என்று வருடா வருடம் பேப்பரில் வருகிறது. ஏன் அங்கே யாரும் போகவில்லை என்று ஒரு தடவை பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரவெல்லாம் நிற்க வேண்டிய வேலை, சொந்தமாகத் தொழில் நடத்தப் பெரிய மருத்துவமனை இல்லாமல் முடியாது, பாதியில் விட்டால் பாண்டு பணம் கட்டி மாளாது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். கோட்டை இறக்குவதற்குக் கையெழுத்து ஒன்று போதும் என்பதால் அதைச் செய்தீர்கள்.

அமெரிக்காவில் என் தங்கை மகன் சர்ஜரி படிக்கிறான். அங்கே ஃபெலோஷிப் என்ற உயர்சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொரு மருத்துவமனையும் கூப்பிட்டுப் பேசுமாம்; கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில். பேச்செல்லாம் முடிந்ததும் இவன் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருவான், அவர்கள் இவனைப் போன்றவர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருவார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துவைக்கும். அதற்கு முந்திய ரெசிடென்சி என்ற பயிற்சிக்கு 1952 முதல் இருக்கும் ஏற்பாடு இது. கேல், ஷேப்லி என்ற இரண்டு பேர் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கணக்கில் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். யாரும் தங்கள் ஜோடியை விட்டு ஓடாதபடி பொருத்தம் பார்க்கும் வழி அது. 2012-இல் ஷேப்லிக்கும், அதை மருத்துவர்களுக்குப் பொருத்திய ஆல்வின் ராத்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர் இதே வேலையை ஒரு டீக்கும் வெற்றிலைக்கும் செய்கிறார்.

அங்கேயும் பித்தலாட்டம் இல்லாமல் இல்லை. என்னை எத்தனையாவதாக எழுதியிருக்கிறாய் என்று எந்தப் பக்கமும் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்பது விதி. ஆகவே கேட்காமலே எல்லாரும் எல்லாருக்கும், "நீங்கதான் எங்களுக்கு மொதல்" என்று கடிதம் போடுகிறார்களாம். ஆனாலும் இரண்டு பக்கமும் முகம் பார்க்கிறது. உங்கள் ஏற்பாட்டில் பெண் மட்டும் பட்டியல் எழுதுகிறாள், மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் யாரென்றே தெரியாது, தாலி கட்டும் நேரத்தில்தான் பார்க்கிறார்கள். வைப்புத்தொகை மட்டும் 2 லட்சம்.

இதைச் சொன்னால், பழைய நேர்காணலைத் திரும்பக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தேர்வுக்குள் வராத ஒரு பெரிய இடத்தில் மகள் நேர்முகத்துக்குப் போனாள்; பெயர் வேண்டாம். உள்ளே சோபாவில் நாலு பேர். "எந்த ஊர்?" "சங்கரன்கோவில்." "அது கன்னியாகுமரிப் பக்கமா?" "இல்லை சார், திருநெல்வேலிக்கு இந்தப் பக்கம்." "கல்யாணம் ஆயிடுச்சா? ஆனா லீவு எடுப்பீங்களே?" அவ்வளவுதான். எத்தனை கை அறுவையில் நின்றாள், எதைத் தானே தைத்தாள் என்று எழுதிக்கொண்டு போன நோட்டை யாரும் புரட்டவில்லை. ஆகவே ஐயாமாரே, எனக்கு அந்தச் சோபாவும் வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டர் மவுசும் வேண்டாம். நோட்டைப் புரட்டி, தையல் போடச் சொல்லி, எதிரே நின்று பார்த்து, ஆளாளுக்கு ஒரே அளவுகோலில் மார்க் போடும் ஒரு மேசை போதும். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் பியூரெட்டைப் பிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற நாடு இது.

எங்கள் ஊர்ச் சாமிக்கும் தரவரிசைத் தொல்லை வந்ததுண்டு. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை போட்டுக்கொண்டு கோமதியம்மனிடம் வந்தார்கள். அம்மன் தவமிருந்தாள். சாமி பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் வந்து நின்றார். அதைத்தான் ஆடித்தபசு என்று லட்சம் பேர் வந்து கும்பிடுகிறோம். உங்கள் அலுவலகமாக இருந்தால் சம மதிப்பெண் என்று சொல்லிப் பிறந்த தேதியைக் கேட்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தமிழ்நாட்டு அரசின் பக்கம். அரசுக் கல்லூரி உயர்சிறப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு என்று 2020 நவம்பர் 7-இல் அரசாணை போட்டார்கள். அந்த வருடம் அதன்படி இடம் ஒதுக்க வேண்டாம் என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மார்ச் 16-இல், அந்தத் தடையை நீட்டிக்க முடியாது என்றது. மகளுக்கு இதனால் போட்டி கூடும், தெரியும். ஆனால் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரிகூட இல்லை. வெந்து போனவரை ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு ஏற்றிவிட்டு ரோட்டில் நிற்பவர்கள் நாங்கள். படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருகிறவர் யாராயிருந்தாலும் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
கணக்கு வாத்தியார்.

பி.கு.: நேற்றுத் தரகர் வந்தார். "பொண்ணு எந்த டாக்டர்னு மாப்பிள்ளை வீட்ல கேக்காக. மூளைன்னா உடனே முடிச்சிரலாம், கொடல்னா யோசிப்பாகளாம்" என்றார். கலந்தாய்வின் கடைசிச் சுற்றுக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும் என்றேன். கடைசிச் சுற்று என்றைக்கு என்று ஒரு வரி எழுதிப் போட்டீர்களானால், மனுஷனை அதுவரைக்கும் காபி கொடுத்துச் சமாளித்துக்கொள்வேன்.