எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பவர்

பிறர் தலையிலுள்ள பாரத்தை இறக்கிவைப்பதற்கென்றே ஜன்மமெடுத்த மகானுபாவர்களுள் ஒருவர், புரோகிராம்கள் வலைப்பின்னலில் ஒன்றோடொன்று பேசுவதற்கான லைப்ரரியை நிர்மாணிப்பவர். 2015-இல் ஐரோப்பிய நிதியுதவியோடு தொடங்கிய ‘நீட்’ திட்டத்தின் (தேர்வு அன்று, பயம் வேண்டாம்) புண்ணியத்தால், ஆஸ்லோ, கார்ல்ஸ்டாட், அபர்டீன் முதலிய ஊர்களில் இவ்வினத்தார் விசேஷமாகத் தென்பட்டனர்.

இவருடைய பரம விரோதி, 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோடு பிரபலமான ஸாக்கெட். புரோகிராம் எழுதுபவனை வாசலிலேயே மறித்து, “டிசிபியா, யுடிபியா, எந்த நெறி?” என்று கேட்டு, அவன் சொன்ன ஒன்றோடு அவனை ஆயுள் முழுவதும் கட்டிப்போட்டுவிடுகிறதே என்பது இவருடைய தீராத துக்கம். 2000-இல் பிறந்த எஸ்சிடிபி என்னும் நெறி, வழியிலுள்ள ஃபயர்வால்கள் முன்பின் அறியாத பாக்கெட்டைக் கண்டமாத்திரத்தில் கீழே போட்டுவிடுவதால், தொலைபேசிக் கம்பெனிகளுக்கு வெளியே பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடப்பதைச் சொல்லும்போது இவர் குரல் தழுதழுக்கும்.

ஆகவே, நெறியின் பெயரைச் சொல்லாதே, குணத்தைச் சொல் என்பதே இவருடைய சித்தாந்தம். அந்தக் குணங்களுக்கும் கட்டாயம், விருப்பம், எப்படியும் சம்மதம், தவிர்க்கலாம், கூடவே கூடாது என்று ஐந்து படிகள். இந்த சாஸ்திரம் ஆபீஸோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஹோட்டலில் உட்கார்ந்தால், பண்டத்தின் பெயரைச் சொல்லாமல், “சூடு கட்டாயம், காரம் விருப்பம், மாமிசம் கூடவே கூடாது” என்று ஒரு சர்வரிடம் விண்ணப்பித்துக்கொண்டு, இணைய இணைப்பில் ஐபிவி6-க்கு முதல் வாய்ப்பளித்து 250 மில்லிவினாடி கழித்து ஐபிவி4-ஐயும் ஓடவிடும் சம்பிரதாயப்படி, அடுத்த சர்வரையும் கைதட்டி அழைத்து, முந்தி வந்த தட்டை ஏற்றுப் பிந்தி வந்ததைத் திருப்பியனுப்புவார். அந்த இரண்டாவது சர்வரின் முகத்தை இவர் எந்தப் படியிலும் சேர்ப்பதில்லை.

இணைய நெறிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் சபையில் 2014-இல் கூடிய இவருடைய கோஷ்டியின் முக்கிய ஆவணங்கள், 9621 முதல் 9623 வரை எண் பெற்று, 2025 ஜனவரியில்தான் வெளியாயின. இதற்கிடையில் குயிக் என்னும் புதியவர், யுடிபியின் தோள்மேலேறி, இவருடைய லைப்ரரியை ஒரு வார்த்தை கேளாமலே பிரௌசர்களுக்குள் குடிபுகுந்துவிட்டார்.

சகல குணங்களையும் பரிசீலித்து, சகல பாதைகளையும் ஓடவிட்டுப் பார்த்து, லைப்ரரி இறுதியில் பெரும்பாலும் பழைய டிசிபியிடமே போய்ச் சேர்கிறது என்று நாம் சிரிக்கலாம். ஆயினும் மனிதர் கட்சியில் நியாயம் உண்டு: நாளை வேறொரு சிறந்த நெறி வந்தால், மாற்றம் லைப்ரரியோடு நின்றுவிடும், அதை நம்பிய புரோகிராமில் ஓரெழுத்தும் திருத்த வேண்டியிராது.