ஷெட்யூல் சார் கொழும்பு போகிறார்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் அவருக்குப் பெயர் ஷெட்யூல் சார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கன்னியாகுமரிக்குப் போகணுமென்றால் பையை மாட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிவிடுவார், யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கொழும்புக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஆனால் நடுவில் கடல் இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது. தை மாசம் ஆரம்பித்த ஏற்பாடு ஆடி பிறந்தும் ஓயவில்லை.

இவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனும் இல்லை. பந்தியைவிடச் சமையல்கட்டிலேயே வயிறு நிறைகிற சில பேர் உண்டே, அந்த ஜாதி.

சங்கத்தில் மிஞ்சிய பேரேடு ஒன்று அவர் கைவசம். பற்று, வரவு என்ற தலைப்புகளை அடித்துவிட்டு மூன்று பத்தி போட்டிருக்கிறார்: நேரம், வேலை, தவறினால். முதல் இரண்டும் மெலிந்து கிடக்கும். மூன்றாவதில்தான் மனுஷனின் கற்பனை கொட்டிக் கிடக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் லாரி கவிழ்ந்தால் வாலாஜாபாத், ஒரகடம் வழி. அங்கேயும் கவிழ்ந்தால் காஞ்சிபுரத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். டிரைவரின் மாமியாருக்கு உடம்புக்கு வந்தால் இன்னொரு டிரைவர், "அவருக்கு மாமியார் இல்லை, விசாரிச்சுட்டேன் தம்பி."

நாள் குறித்தது தனிக் கதை. வியாழக்கிழமை தெற்கே சூலம், கொழும்பு தெற்கே. சரி, சனிக்கிழமை போகலாமே என்றேன். "கார் முதல்ல கிழக்கேல்ல போகுது? சனிக்கிழமை கிழக்கே சூலம்." சூலம் வீட்டிலிருந்து கணக்கா, விமானம் கிளம்புகிற இடத்திலிருந்து கணக்கா என்று ஜோசியரையே திணற அடித்துவிட்டு வந்தார். தெற்குச் சூலத்துக்குப் பரிகாரம் தைலம். அதற்கும் பேரேட்டில் குறிப்பு உண்டு: கைப்பையில் வைத்தால் தைலம் 100 மில்லிக்குள்.

விமானம்தான் வேண்டுமா என்பதே இரண்டு மாசம் ஓடியது. அந்தக் காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, அந்த வழியும் போயிற்று. இதைச் சொல்லும்போது சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி குரல் இறங்கும். 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருந்தார்களே, அதற்கு ஒரு புதுப் பக்கம் திறந்தார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் சின்ன விமானத்துக்கு இரண்டு பக்கம். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தது நினைவுக்கு வந்தபோதோ, "வந்துட்டா நமக்குக் கூப்பிடு தூரம், காத்திருக்கலாம்" என்றார். ஏகனாபுரத்து ஜனங்கள் நிலத்தைத் தர மாட்டோமென்று போராடுகிறார்களே என்றேன். "அதைத் தவறினால்ல எழுதியாச்சு." அந்த ஒரு வரிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வீட்டம்மா ரிட்டயர்டு டீச்சர். கதிர்காமத்து முருகனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அந்தம்மாவின் ஆசை, பயணமே அதற்காகத்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, மணிபல்லவத்துலேர்ந்து மணிமேகலை பறந்து வந்தாளே, எந்த நோட்டுல எழுதி வெச்சிட்டு வந்தா?" என்று கேட்டுவிட்டார்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவகிட்ட மந்திரம் இருந்துச்சு. நம்மகிட்ட போர்டிங் பாஸ்தானே இருக்கு?"

எடை பார்க்கிற படலத்தை நேரில் பார்த்தேன். பட்டும் ஜரிகையும் கிராம் சுத்தமாக நிறுத்த கை அல்லவா? கூடத்தில் தராசு. பல் துலக்கும் பிரஷ் ஏறியது, இறங்கியது. சீப்பு ஏறியது, இறங்கியது. வீட்டம்மாவின் அரக்குப் பட்டைத் தூக்கி வைத்தவர், முள்ளை மறந்துவிட்டு முந்தானையைப் புரட்டிப் பார்த்தார். "கோர்வை நல்லா விழுந்திருக்கு" என்று முணுமுணுத்து எடை எழுதாமலே பெட்டியில் வைத்தார். அவர் விட்ட ஒரே கணக்கு அதுதான். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி ஒன்றும் ஏறியது. மிளகும் சுக்கும் போட்டு மந்தார இலையில் வெந்தது, ரெண்டு நாளானாலும் கெடாது. அதை ஸ்கேன் கருவியில் பார்த்து யாராவது "என்ன இது?" என்று கேட்டால் சொல்வதற்கு நாலு வரி எழுதி மனப்பாடம் செய்திருந்தார்.

இலங்கையில் மணி நமக்கு அரை மணி முன்னால் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. 2006-லேயே நம் மணிக்கு மாறிவிட்டார்கள் என்று டீச்சரம்மா சொன்னதும் பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஓரத்தில் 'மறுபடி மாற்றினால்' என்று எழுதிக்கொண்டார்.

ஒருவழியாக ஆவணி வளர்பிறையில் புதன்கிழமை கிளம்பினார்கள். விமானம் காலை பத்தேகாலுக்கு. வாசலில் கார் வந்து நின்றது ராத்திரி ஒன்றரைக்கு. லாரி எதுவும் கவிழவில்லை. டயர் வெடிக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் விமான நிலைய வாசலில் நின்றவர்களைக் காவலர், "இவ்வளவு சீக்கிரம் உள்ளே விட மாட்டோம் சார்" என்று ஓரமாக உட்கார வைத்தார். தவறினால் பத்தியில் இல்லாத ஒரே விஷயம், எதுவும் தவறாமல் போவது. சாருக்கு முகம் தொங்கிப்போனதாம்.

ராமர் பாலம் தெரியும் என்று வலப்பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருந்தார். விமானம் மேலே ஏறியதும் ராத்திரித் தூக்கமெல்லாம் சேர்த்து அமுக்க, கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் சக்கரம் தரையில் முட்டுகிறவரை குறட்டைதான். பாலத்தை டீச்சரம்மாதான் பார்த்தார், பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி.

முத்திரை குத்தி, பெட்டி எடுத்து, வெளியே வந்தாயிற்று. வெயிலில் நின்றுகொண்டு, "அடுத்து எங்கங்க போகணும்?" என்று கேட்டார் டீச்சரம்மா. சார் பேரேட்டைப் புரட்டினார். முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். கடைசி வரி: 'கட்டுநாயக்கா. வெளியே வருதல்.' அதற்குப் பிறகு வெறும் கோடு போட்ட தாள்.

டீச்சரம்மா பெட்டியை அவரிடம் தள்ளிவிட்டு, டாக்சிக்காரர் ஒருவரிடம் போனார். "தம்பி, கதிர்காமம் பஸ் எங்க கிடைக்கும்?"