பொறுத்தார் ஓடிடி ஆள்வார்

எந்தத் தெருவிலும் இவர் ஒருவர் இருப்பார். புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமை, "போகலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்குய்யா? நாலு வாரத்துல ஓடிடில வந்துடும்" என்பார். பொங்கல் படமோ தீபாவளிப் படமோ, பதில் மாறாது.

கஞ்சர் என்றால் கோபம் வரும்; உடனே கணக்குப் போடுவார். நாலு டிக்கெட், அதை ஆன்லைனில் எடுத்ததற்குத் தனிக் காசு, வண்டி நிறுத்தக் காசு, இடைவேளையில் பாப்கார்ன். 'பாப்கார்ன்' வந்ததும் குரல் தழுதழுக்கும். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டென்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு ஆறாத ரணம். "குடிதண்ணீரை இலவசமாகத் தரணும்னும் சொன்னாங்களே?" என்றால், "தண்ணி வீட்டுலயே இருக்கு" என்பார்.

வரலாறும் அத்துப்படி. 2013-ல் கமல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் வெளியிட முனைந்து, தியேட்டர்காரர்கள் எதிர்த்தபோது, இவர் கமல் பக்கம் நின்றார், சோபாவில் படுத்தபடி. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசான் பிரைமுக்கு வந்த அன்று வீட்டில் பாயசம். 2021 பொங்கலுக்குத் திரைக்கு வந்த 'மாஸ்டர்' ஜனவரி 29-ம் தேதியே பிரைமில் இறங்கியதும், தானே தயாரித்து வெளியிட்டவர்போல் தெருவில் நடந்தார். சந்தா மட்டும் மச்சினன் கட்டுவது.

2024-ல் அசோக் நகர் உதயம் தியேட்டர் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கண்ணீர் அஞ்சலி வைத்தவரும் இவரே. "அங்க கடைசியா எப்பப்பா போனீங்க?" என்றாள் மகள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி." மகள் அப்போது கல்லூரி இரண்டாமாண்டு.

ஒருவழியாக நாலு வாரம் கழியும். விளக்கை அணைத்து, குடும்பத்தையே டிவி முன் உட்காரவைப்பார். பெயர் போட்டு முடிவதற்குள் குக்கர் மூன்று விசில். நிறுத்து. கதாநாயகன் காலை மட்டும் காட்டும்போது வாசலில் கூரியர். நிறுத்து. வசனம் கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டுவார். சண்டை வந்ததும் கீழ்வீட்டுப் பாட்டிக்குப் பயந்து குறைப்பார். பாட்டென்றால் பத்துப் பத்து வினாடியாகத் தாண்டுவார். அதில் இரண்டு கொலையும் ஒரு கல்யாணமும் சேர்ந்து போய்விடும். ஒன்பதரைக்குக் கொட்டாவி: "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள், "யாரு இவன்? முன்னாடி வந்தானா?" என்று பின்னோக்கி ஓட்டுவார். மகள் தன் அறைக்குப் போய்விடுவாள். மனைவிக்குத் தூக்கம் வந்துவிடும். வெள்ளியன்று தொடங்கிய இரண்டரை மணி நேரப் படம் செவ்வாயன்று முடியும். வில்லன் உயிரை விடும் நேரத்தில் இவர் போனில் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை காலை நடைப்பயிற்சியில் விமர்சனம் வெளியாகும்: "முதல் பாதி இழுவை. ரெண்டாம் பாதி புரியவே இல்ல. ஆனா ஒண்ணுய்யா, இதெல்லாம் தியேட்டர்ல பாக்க வேண்டிய படம். நீங்கள்லாம் போகாமத்தான் ஓடல!"