தொப்பிக்காரர் போட்ட வரி

1857-ல் சிப்பாய்கள் கொடுத்த கொடுப்பில் கம்பெனியும் போனது, கஜானாவும் வழித்த சட்டியானது. விக்டோரியா மகாராணியின் ஆட்கள் யோசித்து ஜேம்ஸ் வில்சனைக் கப்பலேற்றினார்கள். ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி வியாபாரத்தில் ஆரம்பித்து 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை வரைக்கும் போனவர். ஊரார் தலையில் ஒன்றைக் கட்டுவதற்குத் தொப்பிக்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

1860 பிப்ரவரி 18. கல்கத்தாவில் பட்ஜெட். வருடத்துக்கு 200 ரூபாய் வருமானம் இருந்தால் நூற்றுக்கு 2, 500 வந்துவிட்டால் 4. சீமைச் சரக்கென்று முகம் சுளிப்பார்களே என்று மனுவையே சாட்சிக்குக் கூப்பிட்டார் வில்சன். 'அரசனுக்கு வரி உண்டென்று உங்கள் பெரியவரே எழுதி வைத்திருக்கிறார், நானா சொல்கிறேன்?' என்கிற தோரணை.

வங்காள ஜமீன்தார்கள் கொதித்துப்போனார்கள். 1793-ல் கிஸ்தி நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, அதற்குமேல் சல்லிக்காசு கேட்கலாமா என்று நியாயம் பிளந்தார்கள். மாசம் பதினேழு ரூபாய் குமாஸ்தாவும் வலையில் மாட்டியிருந்தான். அவன் கத்தியது யார் காதில் விழும்? (1862-ல் வரம்பை 500 ஆக்கி அவனை விட்டுவிட்டார்கள்.)

பெரிய கூத்து நம் மெட்ராஸில். கவர்னர் சார்லஸ் டிரெவலியன், பீப்பிள்ஸ் பார்க் போட்ட புண்ணியவான், 'புது வரி எதற்கு, பட்டாளச் செலவைக் குறை' என்று ஆட்சேபித்தார். அதோடு நின்றிருக்கலாம். மேலிடத்துக்குப் போகவேண்டிய குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார்! லண்டனிலிருந்து பதில்: மூட்டையைக் கட்டு.

ஜூலை 24-ல் வரி சட்டமானது. பதினெட்டாம் நாள் வில்சன் கல்கத்தாவில் சீதபேதியில் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் நிதி உறுப்பினர் என்று அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யாரென்கிறீர்கள்? நம்ம டிரெவலியன்தான். 1865-ல் அவர் கண்ணெதிரிலேயே வருமான வரி காலாவதியானது. பின்னால் வேறு உருவில் திரும்பி வந்தது வேறு கதை.

சரி, உப்பு வரி? அது பாட்டுக்கு இருந்தது. அதற்குப் படிவம் கிடையாது, வரம்பு கிடையாது. ஜமீன்தாரும் ஒரு சிட்டிகை, மாட்டுக்காரனும் ஒரு சிட்டிகை. கஞ்சியில் கையை விட்டாலே வரி கட்டியாயிற்று. வெயிலில் வேலை செய்கிறவனுக்குத்தான் உப்பு அதிகம் வேண்டும் என்பது சர்க்காருக்கு இன்னும் சௌகரியம். கத்தத் தெரிந்தவன் வரி ஐந்தே வருடத்தில் செத்தது. இது 1947 வரைக்கும் உயிரோடிருந்தது.

மெட்ராஸில் உப்பு சர்க்கார் ஏகபோகம். வடக்கே அப்படியில்லை; வரி கட்டாத உப்பு மூட்டைக்குள் நுழைந்து வரும். அதற்காகச் சிந்து நதிப் பக்கமிருந்து மெட்ராஸ் மாகாண எல்லை வரைக்கும் ஒரு சுங்கக் கோடு, 2300 மைல். பெரும்பகுதி முள்வேலி: கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி. காவலுக்குச் சுமார் 12,000 பேர். மாடு மேய்க்கப் போகிறவனின் முடிச்சையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அந்த முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றி, மண் அணைத்து, ஆளுயரத்துக்கு மேல் வளர்த்தெடுத்த சுங்க அதிகாரி ஒருவர் உண்டு. 1867 முதல் மூன்று வருடம் அதே கவலை அவருக்கு. பெயர் ஏ.ஓ.ஹியூம். 1885-ல் காங்கிரசைத் தொடங்கி வைத்தவரும் சாட்சாத் அவரேதான். அந்தக் காங்கிரஸ்காரர்கள்தான் 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் கைப்பிடி உப்பை அள்ளிவிட்டு வரிசையாக ஜெயிலுக்குப் போனார்கள்.