அமுக்கராவும் ஓட்டமும்

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரையில் ஓடிப் பழகுகிறேன். அமுக்கரா சூரணம் சாப்பிட்டால் மூச்சுத் தாங்குமா?

பதில்: ஓட்டத்தை விடாமல் சாப்பிட்டால் கொஞ்சம் தாங்கலாம்! அமுக்கரா வேரின் சாரத்தை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆனால் அவற்றில் பங்கேற்ற பலர் ஏற்கெனவே உடற்பயிற்சி செய்து வந்தவர்கள். ‘மூலிகைதானே, கெடுதல் என்ன?’ என்பார்கள். வேலை செய்யும் பொருளுக்குப் பக்கவிளைவும் உண்டு. கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் அமுக்கராவுக்குத் தடையே விதித்தது. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுவோரும் தவிர்க்க வேண்டும். அப்படியானால் பாட்டி வைத்தியமே பொய்யா? இல்லவே இல்லை. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் பேணிவரும் மூலிகை அறிவின் மதிப்பே, எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு என்று தெரிந்திருப்பதில்தான். உங்களுக்கான அளவைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.