மணி பார்த்து ரூம் போடுங்கள்

நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 18 என்பது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள கணக்கு. ஆக, 7,499 ரூபாய் கொடுப்பவரும் சிக்கனமாகத் தங்குகிறவர்தான் என்று டெல்லி நினைக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் குடும்பத்தோடு காரில் கிளம்புகிற ஆசாமிக்கு அது ஒரு மாத வீட்டு வாடகை. அவருடைய நடுத்தரம் 1,500-க்கும் 3,500-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த வகை ஓட்டலில் லிஃப்ட் உண்டு. நான்கு பேர் ஏறினால் பெட்டி ஏறாது. ஏ.சி. உண்டு, ரிமோட் மட்டும் ரிசப்ஷனில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்டு டபுள் பெட் என்பார்கள்; நடுவில் இருக்கும் பள்ளத்தில் படுப்பது வீட்டிலேயே சின்னவன். எந்த ஓட்டலின் படத்தைப் பார்த்தாலும் இதே வெள்ளை விரிப்பு, இதே மரக்கலர் அலமாரி. இரவு பத்து மணி வரை உட்கார்ந்து நாற்பது படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இந்த விலையில் அறைக்கு அறை வித்தியாசமே கிடையாது. வித்தியாசம் எல்லாம் நேரத்தில்தான். எந்தத் தேதிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாவி வாங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்ற மூன்றையும் சரியாகப் பிடித்தவருக்குச் சுமாரான ஓட்டல்கூட சொர்க்கம்.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். நடராஜர் கோயிலில் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலையாகிவிடும். 12 மணி செக்-அவுட் வைத்திருக்கும் ஓட்டல்காரரும் அதே நேரத்துக்குத்தான் சாவியைக் கேட்பார். ஆண்டவனும் ஓட்டல்காரரும் பேசிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் கதவடைத்துவிட, கீழவீதி வெயிலில் இரண்டு பெட்டி, ஒரு கூடை, உண்ட மயக்கத்தில் கண் செருகும் பெரியவர்கள் என்று ஒரு குடும்பம் மட்டும் நடுத்தெருவில் நிற்கும். நம் ஊர் லாட்ஜ்களில் இன்னும் பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. பளபளப்பான ஓட்டல்கள் இதை நாட்டுப்புற வழக்கம் என்று கைவிட்டுவிட்டன. என்னைக் கேட்டால் லாட்ஜ் தொழிலில் இதைவிட நாகரிகமான ஏற்பாடு வேறில்லை. மாலை 5 மணிக்கு ரூம் போட்டால் மறுநாள் மாலை 5 வரை சாவி உங்கள் பையில். இரவு அர்த்தஜாம பூஜை பார்த்துவிட்டு வந்து படுக்கலாம். காலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பிச்சாவரம் போய், வெயில் ஏறுமுன் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் ஒரு சுற்று. மோட்டார் படகு நுழைய முடியாத குறுகலான கால்வாய்களில்தான் அழகே இருக்கிறது. பதினொன்றரைக்குத் திரும்பினால் குளியல், சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம். நடை திறந்ததும் இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் வண்டியைத் திருப்பலாம். இத்தனையும் ஒரு நாள் வாடகையில். ஆனால் இதே 24 மணிக் கணக்கு ராத்திரிப் பயணக்காரரைக் கவிழ்த்துவிடும். சென்னையிலிருந்து விடிய விடிய ஓட்டி வந்து அதிகாலை 5 மணிக்கு ரூம் போட்டவர் கதவை மறுநாள் நாலே முக்காலுக்கு ரூம் பாய் தட்டுவார்: “சார், டைம் ஆச்சு. கன்டினியூ பண்றீங்களா?” அந்தத் தூக்கக் கலக்கத்தில் வேண்டாம் என்று சொன்ன மனிதர் உண்டா?

மணிக்கு அடுத்தது தேதி. இந்தப் பக்கத்தில் ரூம் வாடகையைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். பெரிய முகூர்த்த நாளில் அங்கே நூறு கல்யாணத்துக்கு மேல் நடந்தது என்ற செய்தி பத்திரிகைகளில் வருவது வழக்கம். நூறு கல்யாணம் என்றால் நூறு மாப்பிள்ளை வீட்டார், நூறு ‘ஏ.சி. ரூம்தானே போட்டிருக்கீங்க?’ அப்படிப்பட்ட நாளில் கடலூரில் ரூம் கிடைப்பது அரிது. கிடைத்தால் இன்னும் மோசம். விடியற்காலை முகூர்த்தம் என்பதால் மூன்று மணிக்கே வராந்தா முழுக்க விளக்கு எரியும், ஹேர் டிரையர் ஊளையிடும், “ஊக்கு எங்கடி?” என்ற குரல் மாடிப்படியில் ஏறி இறங்கும். ஆறு மணிக்கு நீங்கள் குழாயைத் திறக்கும்போது மொட்டை மாடித் தொட்டியின் சுடுதண்ணீர் முழுவதும் மணப்பெண்ணின் சித்தி வகையறாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கு மாற்றாகத்தான் இயற்கை சிதம்பரத்தைப் படைத்திருக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடலூர் ஓட்டல்கள் ஈயோட்டும். ஆனால் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தால் சிதம்பரத்தில் திண்ணைகூடக் கிடைக்காது. அப்போது கடலூரில் தங்கி நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய் வருவதுதான் புத்தி. வைகாசி முகூர்த்தத்தில் இதையே தலைகீழாகச் செய்யலாம். ஆனியும் மாசியும்தான் இரு ஊரும் கூட்டுச் சேர்ந்து சதி செய்யும் மாதங்கள். ஆனியில் திருமஞ்சனமும் உண்டு, முகூர்த்தமும் உண்டு. மாசியில் சிவராத்திரியை ஒட்டி, 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி வேறு. பதினைந்து நிமிஷம் ஆடப்போகும் ஒரு பெண்ணோடு அம்மா, குரு, மிருதங்கக்காரர், மேக்கப் போடுகிறவர் என்று ஒரு வேன் வந்து இறங்கும். அந்த நாட்களில் ரூம் தேடுவதைவிட அங்கே யாராவது தூரத்துச் சொந்தம் இருக்கிறார்களா என்று தேடுவது சுலபம்.

இந்தத் தொந்தரவெல்லாம் எதற்கு, புதுச்சேரியில் ரூம் போட்டுவிட்டுப் போய் வரலாமே என்பார்கள். கடலூரா புதுச்சேரியா என்ற போட்டி நேற்றையது அல்ல. ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை தலைமையகத்தையே இங்கே வைத்துக்கொண்டது. 1758-இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து செக்-அவுட் நேரத்தை நினைவூட்டியதோடு, கோட்டையை இடித்தும் போட்டார். கதை அப்படி இருக்க, புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அங்கே தங்கி அர்த்தஜாமம் பார்த்தால் நள்ளிரவில் கெடிலமும் பெண்ணையாறும் தாண்டிப் போய்ப் படுத்து, காலையில் அதே ஆறுகளை மறுபடி தாண்டிப் பிச்சாவரம் வர வேண்டும். சனி, ஞாயிறு வாடகையோ பெங்களூருக்காரர்களை நம்பி வைத்தது. புதுச்சேரியில்தான் தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கும். அவை எந்தக் கடையில் விற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் இங்கே விரிக்கவில்லை.

சுத்தம் முக்கியம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. அதற்குத்தான் ‘ரூமைப் பார்க்கலாமா?’ என்ற நான்கு நிமிஷ வேலை இருக்கிறது. ரூம் பாய் முதலில் டி.வி.யைப் போட்டுக் காட்டுவார்; அதை விட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போக வேண்டும். பக்கெட்டின் அடியில் படிந்த உப்புக்கறை எத்தனை வருஷத்தது, குழாயைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீரா காற்றா, கட்டில் தலைமாட்டுச் சுவரில் கொசு அடித்த தடம் எத்தனை என்று பார்த்தால் ஓட்டலின் சரித்திரமே தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜன்னல் இருந்தால் தனியார் பஸ் ஏர்ஹார்ன் விடியலில் ஓசியில் எழுப்பும். இதையெல்லாம் இணையத்து மதிப்பெண்ணில் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பாராட்டியிருப்பது கீழ்த்தள ரெஸ்டாரண்டின் பிரியாணியை. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் வைஃபை வரவில்லை என்று கொதித்திருக்கிறார். இருவரும் அங்கே தூங்கினார்களா என்பதற்கு ஆதாரம் இல்லை. மதிப்புரையைப் படித்தே தீருவேன் என்றால் அது எந்த மாதம் எழுதியது என்று பாருங்கள். கூட்டம், சத்தம், சுடுதண்ணீர் இல்லை என்று மூன்று பேர் ஒரே தேதியில் புலம்பியிருந்தால், அன்றைக்கு நல்ல முகூர்த்தம்.

காலை டிபன் இலவசம் என்பதும் இந்தக் கணக்கில் நஷ்டம்தான். ஏழரைக்கு முன் ஆரம்பிக்காது. அதற்காகக் காத்திருந்து ஆறிய பொங்கலையும் ரொட்டி ஜாமையும் சாப்பிட்டுக் கிளம்பினால் பிச்சாவரத்தில் சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். கத்தரிக்காய் கொத்சுக்குப் பேர்போன சிதம்பரத்தில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருப்பது தனி வழக்கு.

முன்பதிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. செயலி வழியாகப் போட்டால் அதில் அச்சடித்த மணிதான் சட்டம். நேரில் போனால் 24 மணிக் கணக்கு தருகிற லாட்ஜ்கூட அங்கே 12 மணி ஓட்டலாகிவிடலாம். அதனால் ஓட்டலுக்கே போன் போட்டுக் கேட்பது மேல். ஐப்பசி முதல் மார்கழி வரை போகிறவர்கள், ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, ஃபேன் மட்டுமா என்றும் கேட்டுவிடலாம்; 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிய கடற்கரை இது.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: டிரைவர் எங்கே படுப்பார்? ஓட்டல், லாட்ஜ்களில் கார் நிறுத்துமிடம் ஒன்றுக்கு ஒரு படுக்கை வீதம் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளில் சேர்த்தது. அவர்களுக்கு வண்டியிலேயே படுத்துப் பழக்கம்தான் என்று சொல்கிறவர் ஒரு ராத்திரி சிதம்பரத்தில் படுத்துப் பார்க்கட்டும். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. மறுநாள் மத்தியானம் பின் ஸீட்டில் எல்லோரும் வாய் பிளந்து தூங்கும்போது முன் ஸீட்டில் ஒருவர் மட்டும் தூங்காமல் இருந்தாக வேண்டும். நேரக் கணக்கில் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது அவருடைய ராத்திரி ஏழு மணி நேரம். ஆனால் போனில் இதைக் கேட்டுப் பாருங்கள். “டிரைவருக்கு இடம் இருக்கா?” என்றால், “பார்க்கிங் தாராளமா இருக்கு சார்” என்பார்கள். அது காருக்கான பதில். மறுபடி கேட்க வேண்டும்.