சன்னலோர அரசியல்: ஐஸ்லாந்துச் சிறு குழுச் சுற்றுலாவில் பழைய குடியரசின் எச்சங்கள்

1. ஆய்வுப் பொருள்

ஐஸ்லாந்தைப் பற்றி எழுதுவோர் எரிமலையை எழுதுவர், பனியாற்றை எழுதுவர், வானில் ஆடும் பச்சை ஒளியை எழுதுவர். காலையில் ரெய்க்யாவிக் தெருமுனையில் வந்து நிற்கும் 19 இருக்கை வேனைப் பற்றி எழுதினாரில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை, தங்க வட்டம் எனப்படும் ஒருநாள் சுற்று: திங்வெட்லிர் சமவெளி, கெய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபாஸ் அருவி, மீண்டும் ரெய்க்யாவிக். பெரிய பேருந்தில் வருவோர் சேர்க்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் தாமதமாக வந்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது; ஆகவே அங்கே அறமும் இல்லை, அரசியலும் இல்லை.

2. கருதுகோள்

கி.பி. 930இல் திங்வெட்லிரில் ஆல்திங் என்னும் பொதுமன்றம் கூடியது. 1262இல் நோர்வே மன்னருக்குப் பணியத் தொடங்கும்வரை ஐஸ்லாந்துக்கு அரசனில்லை, படையில்லை, காவலரில்லை. சட்டம் மட்டும் இருந்தது. வேனிலும் அதே நிலைதான். எனவே வேன் அக்குடியரசின் நேர் வாரிசு என்பது எமது துணிபு.

இது தற்செயல் ஒப்புமையே என்பாரும் உளர். அவர் கடைசி வரிசையின் நடு இருக்கையில் உட்கார்ந்து அறியாதார்.

3. சட்டம் உரைப்பவர்

அந்நாட்டுச் சட்டம் ஏட்டில் ஏறத் தொடங்கியது 1117-18 குளிர்காலத்தில்தான். அதுவரை சட்டம் உரைப்பவர் என்று ஒருவர் இருந்தார். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். மூன்று கோடையில் ஒரு சுற்று முடியும்.

வேனில் இப்பதவி ஓட்டுநருக்குரியது. வழிகாட்டியும் அவரே. அவரும் சட்டத்தை மூன்று பங்காகவே வைத்திருக்கிறார்: கிளம்பும்போது பெல்ட், முதல் நிறுத்தத்தில் நேரம், அருவிக்கரையில் சேறு படிந்த காலணி. எதையும் அமல்படுத்தும் அதிகாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு வழக்காடியவர் தலையிலேயே விழும்.

4. நில உரிமை

இருக்கை யாருக்குச் சொந்தம்? கிளம்பும்போது உட்கார்ந்தவருக்கா, கடைசியாக உட்கார்ந்தவருக்கா? இறங்கும்போது கம்பளிக் குல்லாவை விட்டுச் செல்வது மரபு. நம்மூர்ப் பேருந்தில் துண்டு பார்க்கும் வேலையை அது பார்க்கிறது. ஆனால் கள ஆய்வில், மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த அம்மையார் ஒருவர் சன்னலோரக் குல்லாவை இரு விரலால் தூக்கி, மேல்தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு அமர்ந்தார். திருடவில்லை, தள்ளவில்லை. இடம்பெயர்த்தார்; அவ்வளவே.

திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகுகின்றன என்று சட்டம் உரைப்பவர் விளக்கினார். இரு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கைப்பிடியின் எல்லைக்கோடு அதைவிட விரைவாக நகர்கிறது. நிலவியலார் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

5. ஹீட்டர் பற்றிய சமயப் பூசல்

கி.பி. 1000 வாக்கில் ஆல்திங் இரண்டுபட்டது: ஒரு சாரார் கிறித்தவர், மறு சாரார் பழைய தெய்வங்களை வணங்குவோர். தீர்ப்பு, சட்டம் உரைப்பவரான தோர்கெய்ரிடம் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அவர் போர்வைக்குள் படுத்திருந்தார் என்பது வரலாறு. பிறகு எழுந்து, நாடு முழுவதும் கிறித்தவம்; ஆனால் வீட்டுக்குள் மறைவாகப் பழைய பலி கொடுப்பதும் குதிரைக்கறி உண்பதும் தொடரலாம் என்றார். அவரோ கிறித்தவரல்லர்.

வேனில் முன்வரிசைக்குக் குளிரும், பின்வரிசைக்கு வேர்க்கும். இருசாராரும் முறையிட்டபோது ஓட்டுநர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர் தீர்ப்பு வந்தது: ஹீட்டர் ஓடும், வேண்டியவர் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொள்ளலாம். அவரோ அரைக்கைச் சட்டையில் இருந்தார்.

6. குற்றமும் தண்டனையும்

கெய்சிரில் உள்ள ஸ்ட்ரோக்குர் ஊற்று ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும். பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் உயரம். அதற்குச் சற்று முன் நீர் நீலக் குமிழியாக வீங்கும். கைப்பேசியை நீட்டிக் காத்திருப்பவர் அந்தக் கணத்தில்தான் மூக்கைச் சொறிவார். படம் தவறும். இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்பார். வேனில் எல்லோரும் காத்திருப்பர். இயற்கையே தூண்டும் குற்றம் இது.

பழஞ்சட்டத்தில் இருவகை விலக்கு உண்டு. சிறு விலக்குக்கு மூன்றாண்டு நாடு கடத்தல். முழு விலக்கு பெற்றவனுக்கு எவரும் சோறிடக் கூடாது. அவனைக் கொன்றாலும் குற்றமில்லை. வேனில் முதல் தாமதத்துக்குச் சிறு விலக்கு: அவர் ஏறும்போது அனைவரும் சன்னலுக்கு வெளியே பார்ப்பர். குல்ஃபாஸில் அவரே மீண்டும் தாமதித்தார். அருவியின் இரு படிகளும் சேர்ந்து 32 மீட்டர் என்ற விவரம் அவருக்குத் துணை வரவில்லை. அதன்பின் சுற்றுக்கு விடப்பட்ட பிஸ்கட் பொட்டலம், அவர் தலைக்கு மேலாகவே அடுத்த வரிசைக்குப் போயிற்று. கொலை வரை போகாதது நாகரிக வளர்ச்சி.

7. வீழ்ச்சி

13ஆம் நூற்றாண்டில் அதிகாரம் ஒருசில குடும்பங்களிடம் குவிந்ததும் குடியரசு தள்ளாடியது. வேனும் அப்படியே. திரும்பும் வழியில் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று, தங்களை முதலில் இறக்கிவிட வேண்டும் என்றது. தனியாக வந்தோர் ஒன்றுசேரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தனர். ஒருநாள் குடியரசு அங்கே முடிந்தது.

8. முடிபும் பரிந்துரையும்

சட்டம் திங்வெட்லிரில் பிறந்தாலும் வேனில் பிறந்தாலும், நேரத்துக்கு வருபவரால்தான் உயிர் வாழ்கிறது என்பது பெறப்படும். இத்துறையில் இறங்குவோர் முன்கூட்டியே வந்து முதல் வரிசைச் சன்னலோரத்தைப் பிடிக்கவும். ஆய்வுக்கு அது உகந்த இடமன்று. பின்னால் நடக்கும் எதுவும் அங்கிருந்து தெரியாது. மலை நன்றாகத் தெரியும்.